ஆராய்ச்சி மணியும் புகையிரதக் கடவையும்: விபத்து எடுத்துரைக்கப்படும் முறை பற்றிச் சில குறிப்புகள்

1

புகையிரதக் கடவையில் நிகழும் சாவுக்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் உளர். திறனாய்வு கவிதையோடும் கதையோடும் நின்றுவிடுதல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. ஆனால் சாவு நிகழ்ந்த சில மணி நேரத்துள் அது சொல்லாகிவிடுகிறது. பொலிசார் பதிவு செய்கின்றனர்; செய்தியாளர் எழுதுகிறார்; மரண விசாரணையில் சாட்சிகள் பேசுகின்றனர்; சுற்றத்தார் கண்ணீர் அஞ்சலி அச்சிடுகின்றனர். இவை யாவும் எடுத்துரைப்புகளே. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, யாரை எழுவாயாக்குவது, யாரைச் சொல்லாமல் விடுவது என்னும் தெரிவுகள் இவை அனைத்திலும் உள்ளன. நாவலில் இத்தெரிவுகளை ஆராயும் நாம், ஒரு சிறுவனின் சாவு பற்றிய பத்து வரிச் செய்தியில் அவற்றை ஆராயாது விடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

நாம் களமாகக் கொள்வது மன்னார்த் தீவையும் அதனை அடுத்த கரையையுமாகும். 2021 மார்ச் 16 அன்று தலைமன்னார் இறங்குதுறைப் பகுதியிலுள்ள புகையிரதக் கடவையில் தனியார் பஸ் ஒன்றும் புகையிரதமும் மோதிக்கொண்டன. பதினான்கு வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். மாணவர்கள் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இவ்விபத்துக்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. அது நீதிமன்றின் பணி. இத்தகைய சாவுகளை நாம் எவ்வாறு சொல்லிப் பழகியிருக்கிறோம், அவ்வாறு சொல்வதால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

2

இப்புகையிரதப் பாதையின் வரலாற்றை ஓரளவு அறிதல் இன்றியமையாதது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதனோடு தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் கப்பலால் இணைத்து, சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருவழி உருவாயிற்று. மதவாச்சியிலிருந்து பிரிந்து வரும் பாதை மன்னார் மக்களின் தேவை கருதி இடப்பட்டதென்று கூறுவதற்கில்லை. மலையகத் தோட்டங்களுக்குத் தொழிலாளரைக் கொண்டு சேர்ப்பதே குடியேற்ற ஆட்சியின் முதன்மையான கரிசனைகளுள் ஒன்றாக இருந்தது. அதற்கு முந்திய தலைமுறையினர் இக்கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அவ்வாறு அனுப்பப்பட்டோரை ஏற்றிய வண்டிகள் இதே பாதையில் எதிர்த்திசையில் ஓடின. அவ்வாண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, ஒரு பயணிகள் புகையிரதத்தையும் கடலுக்குள் இழுத்துச் சென்றது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. போர்க்காலத்தில் அதுவும் நின்றது.

1990இல் தலைமன்னார்ப் புகையிரதச் சேவை முற்றாக நின்றது. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் அமைக்கப்பட்டு, 2013 மே மாதத்தில் மடு வீதிவரையும், 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார்வரையும் திறக்கப்பட்டது. இடைப்பட்டவை இருபத்தைந்து ஆண்டுகள். போரும் இடப்பெயர்வும் மீள்குடியேற்றமும் நிகழ்ந்த அக்காலத்தில் இத்தீவில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் புகையிரதம் என்பது பெரியோர் கூறும் பழங்கதையாகவே இருந்தது. 2021இல் பதினான்கு வயதான ஒரு பிள்ளைக்கு, முதல் வண்டி மீண்டும் வந்தபோது வயது ஏழு அல்லது எட்டு. பாதையை மீட்டமைத்தல் பொறியியற் பணி. பாதையோடு வாழும் பழக்கத்தை மீட்டமைத்தல் சமுதாயப் பணி. முன்னதற்குத் திறப்பு விழா நடந்தது. பின்னதற்குக் கடவைதோறும் கதவும், மணியும், ஊதியம் பெறும் ஓர் ஆளும் தேவைப்பட்டன.

3

இனி, மொழியை நோக்குவோம். கடவை விபத்துச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர் அவற்றின் வாய்பாட்டை எளிதில் இனங்காண்பர். இன்ன வாகனம் கடவையைக் ‘கடக்க முற்பட்டவேளை’ புகையிரதத்துடன் ‘மோதி விபத்துக்குள்ளானது’ என்பது அவ்வாய்பாடு. இதன் இலக்கணம் கூர்ந்து நோக்கத்தக்கது. எழுவாய் வாகனம், அல்லது மாண்டவர். ‘முற்பட்ட’ என்னும் சொல் அவருக்கு ஒரு விருப்பையும் துணிவையும் ஏற்றிவிடுகிறது. வேலைக்குப் போவதற்கும் பாடசாலைக்குப் போவதற்கும் வேறு வழியின்றி நாள்தோறும் நான்கு தடவை அதே கடவையைக் கடப்பவர், அன்று மட்டும் ஏதோ அத்துமீறலுக்கு ‘முற்பட்டவர்’ ஆகிறார். புகையிரதம் ‘உடன்’ என்னும் உருபோடு வந்து ஓரமாக நிற்கிறது. கடவை வெறும் இடப்பெயர். கதவோ வாக்கியத்தில் இடம்பெறுவதேயில்லை. இல்லாத கதவுக்கும், ஒலிக்காத மணிக்கும், நியமிக்கப்படாத ஆளுக்கும் இவ்வாக்கிய அமைப்பில் வேற்றுமையும் இல்லை, வினையும் இல்லை.

இது செய்தியாளரின் சூழ்ச்சி என நாம் கூறவில்லை. அவர் மோதல் நிகழ்ந்த நொடியில் கதையைத் தொடங்குகிறார்; அந்நொடியில் கண்ணுக்குத் தெரிபவற்றையே எழுதுகிறார். ஆனால் காரணங்கள் அந்நொடிக்கு முன்னரே வேலை செய்து முடித்துவிடுகின்றன. நொடியை மட்டும் காட்டும் எடுத்துரைப்பு, தன்னை அறியாமலே ‘கவனக்குறைவு’ என்னும் முடிவுக்கு வந்து சேர்கிறது. செயற்கட்டமைப்பை மறைத்துத் தனிமனித ஒழுக்கத்தை முன்னிறுத்தும் இக்கருத்துநிலை முதலாளித்துவச் சமுதாயத்துக்கு மிகவும் வசதியானது.

அஞ்சலிப் பிரசுரங்களின் மொழி வேறொரு திசையில் சென்று அதே இடத்தை அடைகிறது. அங்கே மொட்டு மலருமுன் கருகுகிறது, காலன் கண்ணின்றிக் கவர்கிறான், விதி விளையாடுகிறது. துயருற்ற பெற்றோரின் சொற்களைக் குறைகூறும் உரிமை எவருக்கும் இல்லை. எனினும் இவ்வுருவகங்கள் அவர்கள் படைத்தவையல்ல. அச்சகத்தில் ஆயத்தமாக இருப்பவை. நோயால் இறந்த முதியவருக்கும் கடவையில் இறந்த மாணவனுக்கும் அவை ஒரே சாவை வழங்குகின்றன. செய்தி ‘அவர் பிழை’ என்கிறது. அஞ்சலி ‘எவர் பிழையுமன்று’ என்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே கேட்கப்படவேண்டிய வினா காணாமற் போகிறது.

எமது வாய்மொழி மரபு இதனினும் கூர்மையானது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒப்பாரி வெறும் அழுகையன்று. அதில் ஏச்சு உண்டு, முறையீடு உண்டு, வராத வைத்தியருக்கும் கைவிட்ட உறவுக்கும் பெயர் சொல்லிக் கணக்குக் கேட்டல் உண்டு. தாயகம் திரும்புவோர் என்ற பெயரில் அனுப்பப்பட்ட மலையக மக்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு வழங்கிய பெயரே மு. சிவலிங்கத்தின் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்னும் சிறுகதைத் தொகுதிக்குத் தலைப்பாயிற்று. ஓர் அரசியல் ஒப்பந்தத்தின் விளைவை அம்மக்கள் விதி என்று அழைக்கவில்லை. அவ்வண்டிக்கே பெயரிட்டுக் குற்றஞ்சாட்டினர். மன்னார்க் கரையின் கத்தோலிக்கக் கிராமங்களுக்கும் இதையொத்த மரபு உண்டு. தவக்காலத்தில் படிக்கப்படும் வியாகுலப் பிரசங்கத்தையும் பேசாலையின் உடக்குப் பாஸையும் அறிந்த மக்கள் அவர்கள். மகனை இழந்த தாயின் துயரைப் பாடும் அம்மரபு, யூதாசையும் மறப்பதில்லை, கைகழுவிய பிலாத்துவையும் மறப்பதில்லை. புகையிரதம் ஒரு திணைக்களத்துக்கும், வீதி வேறொரு சபைக்கும், கடவைக் காப்பாளர் பொலிசுக்கும் உரியவராக இருக்கும்போது, கைகழுவுதற்கான தண்ணீர் எல்லா அலுவலகங்களிலும் கிடைக்கிறது என்பதை அக்கிராமத்தவர்க்கு விளக்கவேண்டிய அவசியமில்லை.

4

வீதியில் நிகழ்ந்த சாவுக்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினாவைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலத்துக்கு முன்னரே எழுப்பியுள்ளது. மனுநீதிச் சோழன் கதை அதுவே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் அதனை விரிவாகக் கூறுகிறார். நீதியின் பெருமைக்கு உதாரணமாக அதனை மேடைதோறும் கேட்டுச் சலித்திருக்கிறோம். ஆயின் அதில் வரும் அமைச்சரின் பேச்சை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. அரசகுமாரன் தேரில் சென்றபோது கன்று தேர்க்காலின் இடையே புகுந்து இறந்தது என்றே அவர் அறிவிக்கிறார். எழுவாய் கன்று! இன்றைய செய்தியின் ‘கடக்க முற்பட்ட’ வாகனம் அமைச்சரின் வாயிலேயே பிறந்துவிட்டது. அடுத்து அமைச்சர்கள் கழுவாய் தேடுமாறு கூறுகின்றனர். விதிப்படி பிராயச்சித்தம் செய்தால் கணக்குத் தீரும் என்பது அவர் வாதம். இன்று இதன் பெயர் இழப்பீடு. மன்னன் இரண்டையும் மறுக்கிறான். பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமோ என்றும், தன் மகனுக்கு ஒரு நீதி, பிறருக்கு வேறு நீதியோ என்றும் அவன் கேட்கிறான்.

இக்கதையில் மற்றொருவரும் உளர். அரசகுமாரன்மீது தேரைச் செலுத்துமாறு பணிக்கப்பட்ட அமைச்சர் அதனைச் செய்யமாட்டாது தம் உயிரை விடுகிறார். பிறர் வகுத்த வழியில் சக்கரத்தைச் செலுத்தவேண்டியவனின் வேதனைக்குத் தமிழ்க் காப்பியத்தில் இதனைவிடப் பழைய சான்றொன்றைத் தேடுதல் அரிது. புகையிரதச் சாரதியின் நிலையும் இதுவே. வண்டியை அவர் திருப்ப முடியாது. தடையை அழுத்திய பின்னரும் பல நூறு மீற்றர் தூரம் அது ஓடியே நிற்கும். முன்னால் பஸ் நிற்பதைக் கண்ட கணத்துக்கும் மோதலுக்கும் இடையே அவர் செய்யக்கூடியது, ஊதுகுழலை ஒலித்துக்கொண்டு பார்த்திருப்பது மாத்திரமே. செய்தியில் அவர் பெயரும் இல்லை. மறுநாள் அவர் உறங்கினாரா என்னும் வினாவும் இல்லை.

இதே கதை மகாவம்சத்தில் எல்லாளன்மேல் ஏற்றிக் கூறப்படுகிறது. அங்கே கன்று தாயுடன் வழியில் படுத்துக் கிடக்கிறது. ‘புகுந்தது’ என்று சொல்ல இடமில்லை. அங்கே இறைவன் தோன்றி எவரையும் எழுப்புவதுமில்லை. சிங்களப் பௌத்த மரபும் தமிழ்ச் சைவ மரபும் ஒரே கதையைப் பேணி வந்துள்ளமை, வலியோரின் சக்கரம் எளியோரை நெரிப்பது எவ்வினத்துக்கும் பொதுவான அனுபவம் என்பதைக் காட்டும்.

எனினும் நிலமானிய நீதியின் எல்லையையும் காணவேண்டும். ஆராய்ச்சி மணி சாவுக்குப் பின்னரே ஒலிக்கிறது. நீதி தண்டனையாக வருகிறது; தெரு முன்போலவே இருக்கிறது; மறுநாளும் தேர் ஓடும். ஒரு மகன் மாண்டதற்கு இன்னொரு மகன் மாள்வதோடு கதை நிறைவெய்துகிறது. கடவையின் மணி வேறு வகையானது. அது சாவுக்கு முன்னர் ஒலிக்கவேண்டும். அதனை ஒலிக்கச் செய்வது மன்னனின் மனச்சாட்சியன்று, சமுதாயத்தின் ஒழுங்கமைப்பு. இன்றும் எமது எழுத்தாளர் பலர் பழைய மணியையே தேடிக்கொண்டிருக்கின்றனர்.

5

புகையிரதம் தோன்றிய காலந்தொட்டே உலக இலக்கியம் இச்சிக்கலோடு மல்லாடி வந்துள்ளது. தோல்ஸ்தோயின் ‘அன்னா கரேனினா’வின் தொடக்கப் பகுதியில் புகையிரதக் காவலாளி ஒருவன் நசுங்கி இறக்கிறான். அவன் குடித்திருந்தான், அல்லது கடுங்குளிருக்காகத் தலையை மூடியிருந்தமையால் வண்டி பின்னே வரும் ஒலியைக் கேட்கவில்லை என்று காரணம் கூறப்படுகிறது. விரான்ஸ்கி அவனது விதவைக்கு இருநூறு ரூபிள் கொடுக்கிறான். அன்னாவுக்கு அச்சாவு ஒரு தீய நிமித்தம். அதன்பின் அக்காவலாளியின் குடும்பத்தை நாவல் திரும்பிப் பார்ப்பதில்லை. மாபெரும் யதார்த்தவாதியின் படைப்பிலேயே தொழிலாளியின் சாவு சீமாட்டியின் விதியை முன்னறிவிக்கும் குறியீடாகச் சுருங்குகிறது. ஆயினும் அவன் யதார்த்தவாதியாதலால், அந்தக் குளிரையும் இருநூறு ரூபிளையும் எழுதாமல் விடவில்லை. அவற்றைக் கொண்டே நாம் அவனுக்கு எதிராக வாதாட முடிகிறது.

கார்ஷின் 1887இல் எழுதிய ‘சமிக்ஞை’ என்னும் கதை காவலாளிகளையே நடுவில் வைக்கிறது. மேலதிகாரியால் முகத்தில் அறையப்பட்டு, முறையிட்டும் நீதி கிடைக்காத வசீலி தண்டவாளத்தைப் பெயர்க்கிறான். அயற்காவலாளியான செம்யோன் தன் கையைக் கிழித்துத் துணியைக் குருதியில் நனைத்துச் செங்கொடியாக உயர்த்துகிறான். அவன் மயங்கி வீழும்போது கொடியை ஏந்திக்கொள்பவன் வசீலியே. பயணிகளின் பாதுகாப்பும் காவலாளிக்கு இழைக்கப்பட்ட அநீதியும் தனித்தனி விடயங்களல்ல என்பதை இக்கதை உணர்த்துகிறது. அதன் தீர்வு தியாகம் என்னும் கருத்துமுதல்வாத எல்லைக்குள் நின்றுவிடுகிறது என்பது உண்மையே. ஆயினும் பிரச்சினையை அது சரியான இடத்தில் வைத்தது.

அதே இடத்தில் வைத்து எமது கடவைகளை நோக்குவோம். போருக்குப் பின்னர் மீண்டும் அமைந்த பாதைகளில் பல கடவைகளைக் காத்தோர் பொலிசாரின் கீழ் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டவர்கள். பல ஆண்டுகள் அவர்கள் பெற்றது மாதம் 7,500 ரூபா. அதாவது நாளொன்றுக்கு 250 ரூபா. நிரந்தர நியமனம் கோரி அவர்கள் மீண்டும் மீண்டும் போராடினர்; பணியைப் பகிஷ்கரித்தனர். ஒரு நாளில் எத்தனையோ உயிர்களைக் காக்கும் பொறுப்பு, குடும்பத்துக்கு ஒரு வேளைச் சோற்றுக்கும் போதாத கூலிக்கு ஒப்படைக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் சோர்ந்து கண்ணயர்ந்தால் அது ‘கவனக்குறைவு’. அக்கூலியை நிர்ணயித்தது எவ்வகைக் குறைவு என்பதற்கு எமது செய்தி மொழியில் சொல் இல்லை.

பஸ் சாரதியின் நிலையும் இவ்வாறே ஆராயத்தக்கது. 2005 ஏப்ரல் 27 அன்று பொல்காவலைக்கு அருகே, போட்டியிட்டு ஓடிய பஸ்ஸொன்று கடவையில் புகையிரதத்துடன் மோதி முப்பத்தைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாரதியின் குற்றம் அங்கு வெளிப்படையானது. ஆனால் அவர் ஏன் போட்டியிட்டார்? 1958இல் தேசியமயமாக்கப்பட்ட பஸ் சேவை, 1977இல் தொடங்கிய திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின்னர் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அன்றைய வசூலில் தம் பங்கைத் தேடும் சாரதிக்கும் நடத்துனருக்கும், முன்னே செல்லும் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் பயணிகளை அள்ளிச் செல்லும் பகைவன் ஆகிறது. மூடிய கடவையில் காத்து நிற்கும் நிமிடங்கள் அவர்களுக்கு இழந்த கூலி. வெறித்தனம் என்று நாம் அழைப்பது பெரும்பாலும் கூலி முறையின் வேகமே.

கதவும் ஆளும் இருந்தால் போதும் என்றும் கொள்ளலாகாது. இந்தியாவின் அகலப் பாதைகளில் ஆளில்லாக் கடவைகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. எனினும் 2025 ஜூலை 8 அன்று கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில், ஆளிருந்த கடவையிலேயே பாடசாலை வாகனமொன்று மோதுண்டு மாணவர் மூவர் மாண்டனர். காப்பாளர் கைதுசெய்யப்பட்டார். கதவு மூடிப் பூட்டப்படும்வரை வண்டிக்குப் பச்சைச் சமிக்ஞை கிடைக்காதவாறு இரண்டையும் பிணைக்கும் பொறியமைப்பு அக்கடவையில் இல்லை. மனிதன் தவறக்கூடியவன் என்பதை அறிந்தே அப்பொறியமைப்பு உருவாக்கப்பட்டது. அதனை நிறுவாது விட்டுத் தவறிய மனிதனை மட்டும் கூண்டில் ஏற்றுவது, அமைச்சர்கள் கூறிய கழுவாயினும் மலிவானது.

தொழிலாளரை அகால மரணத்துக்கு இட்டுச்செல்லும் நிலைமைகளை அறிந்தும் தொடரவிடுவது கொலையே என்று 1845இல் எங்கெல்ஸ் எழுதினார். அதனைச் ‘சமூகக் கொலை’ என்றார். அதில் கொலையாளி கண்ணுக்குத் தெரிவதில்லை. செய்ததைவிடச் செய்யாது விட்டதே குற்றம். செய்யாது விட்டதை எழுத இயலாத மொழியால் இக்கொலையையும் எழுத இயலாது.

6

இவ்வாறு கூறுவது தனிமனிதப் பொறுப்பை மறுப்பதாகாதா என்று நண்பர் சிலர் வினவலாம். ஆகாது. கட்டமைப்பைச் சுட்டி மனிதரை வெறும் பொம்மைகளாக்கும் வரட்டு மார்க்சியம் எமக்கு உடன்பாடன்று. சாரதி தவறியிருக்கலாம், காப்பாளர் தவறியிருக்கலாம். அவர்களே அத்தவறைத் தம் வாழ்நாள் முழுதும் சுமப்பவர்கள். பஸ்ஸினுள் அருகே இருந்த நண்பனை இழந்த மாணவர் அக்கணத்தைச் சுமப்பர். அக்கடவையைத் தாண்டியே அவர்கள் மறுபடியும் பாடசாலைக்குச் செல்லவேண்டியிருக்கும். துயரமும் குற்றவுணர்வும் தொழிலாளர், மாணவர், தாய்மார் ஆகியோரிடையே பகிரப்படுகின்றன. தீர்மானங்களை எடுத்தவர்களை அவை எட்டுவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வான பங்கீடே எமது எழுத்தாளரின் பொருளாதல் வேண்டும்.

வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான பாத்திரங்களைப் படைத்தல் என்னும் யதார்த்தவாதக் கோட்பாடு இங்கு நடைமுறைப் பயனுடையது. கடவைச் சாவை எழுத முனைவோர் மோதலின் ஓசையோடு கதையைத் தொடங்கவேண்டியதில்லை. அதனை 2015ஆம் ஆண்டுத் திறப்பு விழாவிலிருந்து தொடங்கலாம்; 250 ரூபாவை எண்ணி வாங்கும் ஒரு கையிலிருந்து தொடங்கலாம்; மாலை வசூலைக் கணக்கிடும் நடத்துனரிடமிருந்தும் தொடங்கலாம். ஈழத்துத் தமிழ் இலக்கியம் போரில் மாண்டோரைப் பற்றி நிறைய எழுதியுள்ளது; எழுதவும் வேண்டும். போர் முடிந்த பின்னர், அபிவிருத்தியின் பெயரால் அமைந்த பாதையில் மாண்டோர் அதே கவனத்துக்குத் தகுதியற்றவர்கள் அல்லர்.

பசு மணியை அடித்தபோது சோழனின் அமைச்சர் வாக்கியத்தை மாற்றியமைத்தார். மன்னன் அதனை ஏற்கவில்லை. இன்று அவ்வாறு மறுக்க மன்னன் இல்லை. ‘கடக்க முற்பட்டவேளை’ என்று வாசிக்குந்தோறும், அங்கே கதவு இருந்ததா, அதனை மூடவேண்டியவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்கும் கடமை வாசகரிடமே வந்து சேர்ந்துள்ளது. திறனாய்வு அப்பழக்கத்தை வளர்க்குமாயின், அது தன் பணியில் ஒரு சிறு பகுதியையேனும் செய்ததாகக் கொள்ளலாம்.